ரயிலேறிப் போனவர்கள்: அமெரிக்காவின் ‘பெரும் இடப்பெயர்வு’ ஓர் அறிமுகம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு நம்மில் பலருக்கு இரண்டு துண்டுகளாகத்தான் தெரியும். 1860களில் லிங்கன் வந்தார், உள்நாட்டுப் போர் நடந்தது, அடிமைமுறை ஒழிந்தது. பிறகு 1950களில் மார்ட்டின் லூதர் கிங் வந்தார், பேருந்துப் புறக்கணிப்பு நடந்தது. நடுவில் கிடக்கும் தொண்ணூறு ஆண்டுகளில் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் சட்டென்று வராது. அந்த நடுப்பகுதியின் மிகப் பெரிய நிகழ்வுக்குத் தலைவர் கிடையாது, கொடி கிடையாது, தீர்மானம் போட்ட மாநாடு கிடையாது. மக்கள் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ரயிலேறிப் போனார்கள்.

1910-இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரில் பத்தில் ஒன்பது பேர் தெற்கு மாநிலங்களில் இருந்தார்கள். மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலினா என்று பருத்தி விளைந்த பகுதிகள் அவை. 1970-க்குள் சுமார் 60 லட்சம் பேர் அங்கிருந்து கிளம்பி சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க், பிலடெல்பியா போன்ற நகரங்களுக்கும், பின்னாளில் கலிபோர்னியாவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். வரலாற்றாசிரியர்கள் இதைப் ‘பெரும் இடப்பெயர்வு’ என்கிறார்கள். நான் இங்கே சொல்லப்போவது இதன் முதல் அலையை, அதாவது முதல் உலகப்போர்க் காலத்தில் தொடங்கி 1930 வாக்கில் தணிந்த பகுதியை. ஏன் போனார்கள், எப்படிப் போனார்கள், போன இடத்தில் என்ன கிடைத்தது என்ற மூன்று கேள்விகளில், மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்குப் போகும் முன் முதல் இரண்டையும் பார்த்துவிடலாம்.

விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை

1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபோது, தெற்கில் சுமார் 40 லட்சம் பேர் விடுதலையானார்கள். அவர்கள் கையில் உழைப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. போர் முடியும் தறுவாயில், அந்த ஆண்டு ஜனவரியில், வடக்குப் படைத் தளபதி ஷெர்மன் கடலோர நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வீதம் கொடுக்கும்படி ஓர் ஆணை போட்டார். லிங்கன் சுடப்பட்ட பிறகு அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டிலேயே பெரும்பாலான நிலத்தைப் பழைய உடைமையாளர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். தெற்கின் அடுத்த எழுபது ஆண்டு வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தது என்றே சொல்லலாம்.

நிலம் ஒருவரிடம், உழைக்கும் கை இன்னொருவரிடம். இதில் பிறந்ததுதான் வாரமுறை. நிலத்துக்காரர் நிலம், கோவேறு கழுதை, ஏர், விதை, ஒரு குடிசை எல்லாம் தருவார். குடும்பம் முழுவதும் வேலை செய்யும். விளைந்த பருத்தியில் பாதி அவருக்கு, பாதி இவர்களுக்கு. கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. சிக்கல், அறுவடை வரைக்கும் சாப்பிடுவது எப்படி என்பதில் தொடங்குகிறது.

விதைப்பதற்கும் பருத்தி எடுப்பதற்கும் இடையே பல மாதங்கள். அதுவரை மாவு, கொழுப்பு, வெல்லப்பாகு, துணி, செருப்பு எல்லாவற்றையும் பண்ணைக் கடையிலோ ஊர் வியாபாரியிடமோ கடனுக்குத்தான் வாங்க வேண்டும். கடனுக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை. அந்தக் கூடுதல் விலைக்கு மேல் வட்டி தனி. அடமானமாக நிற்பது இன்னும் விளையாத பருத்தி.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் 20 ஏக்கரில் 8 பொதி பருத்தி எடுக்கிறது. ஒரு பொதி 500 பவுண்டு, ஆக 4,000 பவுண்டு. பவுண்டுக்கு 10 சென்ட் விலை என்றால் 400 டாலர். அதில் பாதி, 200 டாலர், குடும்பத்தின் பங்கு. ரொக்கம் கொடுத்தால் 120 டாலருக்குக் கிடைத்திருக்கும் சாமானைக் கடனுக்கு 150 டாலர் என்று எழுதியிருக்கிறார்கள். அதன் மேல் நூற்றுக்கு 25 வட்டி என்றால் இன்னொரு 37 டாலர். உரத்திலும் பஞ்சு அரைக்கும் கூலியிலும் இவர்கள் பங்கு 20 டாலர். கூட்டினால் 207. ஆண்டு முழுவதும் குழந்தைகள் உட்பட எல்லோரும் வேலை செய்த பிறகு குடும்பம் 7 டாலர் கடனில் நிற்கிறது. அடுத்த ஆண்டு அந்த 7 டாலரோடு தொடங்குகிறது.

இது நேர்மையாக எழுதிய கணக்கு என்பதை மறந்துவிட வேண்டாம். உண்மையில் கணக்கு நோட்டு நிலத்துக்காரரிடம் இருந்தது, எடை போட்டவரும் அவர், பருத்தியை விற்றவரும் அவர். டிசம்பரில் கணக்குத் தீர்க்கும் நாள் வரும்போது அவர் ஒரு எண்ணைச் சொல்வார். எழுத்துத் தெரியாதவர் மறுக்க முடியாது. தெரிந்தவர் மறுத்தால், வெள்ளைக்காரரைப் பொய்யர் என்று சொன்னதாகும். அதற்கு அந்த ஊர்களில் என்ன தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும். 1919-இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் எலைன் என்ற ஊர்ப் பகுதியில், வாரத்துக்கு உழுதவர்கள் சங்கம் சேர்ந்து, ஒழுங்கான கணக்கும் நியாயமான விலையும் கேட்கக் கூடினார்கள். அதற்குப் பதிலாக நடந்தது படுகொலை. கடைசியில் கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களும் கறுப்பினத்தவர் 12 பேர்தான். உச்ச நீதிமன்றம் 1923-இல் தலையிட்டதால் அவர்கள் உயிர் தப்பியது.

ஏழை வெள்ளையர்களும் லட்சக்கணக்கில் வாரத்துக்கு உழுதார்கள், அவர்களும் கடனில்தான் கிடந்தார்கள். வித்தியாசம், அவர்கள் அந்த ஊரை விட்டுப் போவதை யாரும் குற்றமாக்கவில்லை என்பதில் இருக்கிறது. கறுப்பினத் தொழிலாளி விஷயத்தில் சட்டம் வேறு மாதிரி வேலை செய்தது. அலபாமாவில் அலோன்சோ பெய்லி என்பவர் மாதம் 12 டாலருக்கு ஓராண்டு வேலை செய்ய ஒப்புக்கொண்டு, 15 டாலர் முன்பணம் வாங்கினார். ஒரு மாதத்துக்குப் பிறகு வேலையை விட்டார். முன்பணத்தைத் திருப்பாமல் வேலையை விட்டாலே மோசடி செய்யும் எண்ணத்தோடு வாங்கினார் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றது மாநிலச் சட்டம். தன் எண்ணம் என்னவென்று அவர் சாட்சி சொல்லவும் வழியில்லை. அவருக்குத் தண்டனை விதித்தார்கள். உச்ச நீதிமன்றம் 1911-இல் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. ஆனால் கடனுக்காக ஆளைப் பிடித்து வைக்கும் வழக்கம் அந்தத் தீர்ப்போடு நின்றுவிடவில்லை.

ஓட்டும் ரயில் பெட்டியும்

போருக்குப் பிறகு சில ஆண்டுகள் கறுப்பின ஆண்கள் ஓட்டுப் போட்டார்கள், சட்டமன்றங்களுக்கும் வாஷிங்டனுக்கும் போனார்கள். 1877-இல் மத்திய அரசு தெற்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டதும் எல்லாம் தலைகீழானது. 1870-இல் நிறைவேறிய, அரசியல் சட்டத்தின் 15-வது திருத்தம் நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்கிறது. அதனால் நிறம் என்ற சொல்லே இல்லாமல் சட்டம் எழுதினார்கள். 1890-இல் மிசிசிப்பி வழிகாட்டியது: ஓட்டுக்கு வரி கட்டு, அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படி, அல்லது படிக்கக் கேட்டு விளக்கம் சொல். விளக்கம் சரியா தவறா என்பதைப் பதிவு அலுவலர் தீர்மானிப்பார். லூசியானா 1898-இல் ஒருபடி மேலே போனது. 1867 தொடக்கத்தில் உன் அப்பாவோ தாத்தாவோ ஓட்டுப் போடத் தகுதி பெற்றிருந்தால் உனக்குத் தேர்வு வேண்டாம் என்றது. அந்தத் தேதியில் அந்த மாநிலத்தில் எந்தக் கறுப்பினத்தவருக்கு ஓட்டு இருந்தது? 1896-இல் அங்கே பதிவான கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904-இல் 1,342 பேர்.

அதே லூசியானாவில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் 1892-இல் வெள்ளையர் பெட்டியில் வேண்டுமென்றே உட்கார்ந்து கைதானார். ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பெட்டி என்ற மாநிலச் சட்டத்தைச் சோதிப்பதற்காகத் திட்டமிட்டுச் செய்தது அது. அவருடைய முன்னோரில் எட்டில் ஒருவர்தான் கறுப்பினத்தவர், பார்த்தால் தெரியாது. 1896-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில், தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னது. தனித்தனி என்பது மட்டும் கறாராக அமலானது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர்க் குழாய், நீதிமன்றத்தில் சத்தியம் செய்யும் பைபிள் வரைக்கும் தனித்தனி வந்தது. சமம் வரவில்லை.

இவற்றுக்கெல்லாம் பின்னால் நின்றது கும்பல் கொலை. டஸ்கீகி கல்வி நிறுவனம் சேர்த்த பதிவின்படி 1882 முதல் 1968 வரை இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 4,743 பேர், அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். பெண்களை மானபங்கப்படுத்தியவர்களுக்கு மக்கள் கொடுத்த தண்டனை என்றுதான் வெள்ளைப் பத்திரிகைகள் எழுதின. இதை ஆதாரங்களோடு உடைத்தவர் ஐடா பி. வெல்ஸ் என்ற பத்திரிகையாளர். மெம்பிஸ் நகரில் 1892-இல் அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் வேறு இருவரும் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எதிரில் இருந்த வெள்ளையர் கடைக்குப் போட்டியாக ஒரு மளிகைக் கடையை நன்றாக நடத்தி வந்தவர்கள். வெல்ஸ் தன் பத்திரிகையில் ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்று எழுதினார். ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள், பெரும்பாலும் மேற்கே ஓக்லஹோமா பக்கம். பெரும் அலைக்கு இருபது ஆண்டுக்கு முந்தைய சிற்றலை அது.

அப்படியானால் 1915 வரை ஏன் காத்திருந்தார்கள்?

காரணம் எளிது. வடக்கே போனால் வேலை கிடைக்காது. வடக்குத் தொழிற்சாலைகளுக்கு ஐரோப்பாவிலிருந்து போலந்துக்காரர், இத்தாலியர், யூதர், ஸ்லாவியர் என்று ஆள் வந்துகொண்டே இருந்தது. 1914-இல் மட்டும் 12 லட்சம் பேர் குடியேறினார்கள். வெள்ளையரில் யார் கிடைத்தாலும் எடுப்போம், கறுப்பினத்தவர் வேண்டாம் என்று முதலாளிகள் இருக்க முடிந்தது.

அந்த ஆண்டு ஐரோப்பாவில் போர் வெடித்தது. 1918-இல் குடியேற வந்தவர்கள் சுமார் 1 லட்சத்துப் 10 ஆயிரம் பேர்தான். போருக்கான பொருள்களுக்கு ஆர்டர் குவிகிறது, ஆள் இல்லை. 1917-இல் அமெரிக்காவும் போரில் இறங்கியதும் இருந்த ஆண்களும் படைக்குப் போனார்கள். (அதே 1917-இல் வந்த குடியேற்றச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியை, இந்தியா உட்பட, தடைசெய்த மண்டலமாக்கியது. நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கதவு அதற்கு முன்பும் பெரிதாகத் திறந்திருக்கவில்லை.)

தெற்கிலோ, பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு மெக்சிகோவிலிருந்து 1892 வாக்கில் டெக்சாஸுக்குள் நுழைந்து, கிழக்கே நகர்ந்து நகர்ந்து 1915 வாக்கில் ஜார்ஜியாவை எட்டியிருந்தது. வயல்கள் அழிந்தன. விளைச்சல் இல்லாத இடத்தில் கடன் கொடுக்கவும் ஆள் இல்லை. இங்கே இருக்க முடியாது என்ற நிலைமையும் அங்கே வேலை உண்டு என்ற செய்தியும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டில் ஒன்று மட்டும் வந்திருந்தால் இவ்வளவு பேர் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

செய்தி எப்படி வந்தது என்பது தனிக் கதை. சிகாகோவில் ராபர்ட் அபாட் 1905-இல் தொடங்கிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்ற வாரப் பத்திரிகை தெற்கின் கொலைகளையும் வடக்கின் வேலைகளையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டது. அதைச் சுமந்தவர்கள் புல்மன் நிறுவனத்தின் ரயில் படுக்கைப் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள். தெற்கில் பல ஊர்களில் அந்தப் பத்திரிகையைப் பறிமுதல் செய்தார்கள், அதனால் கட்டுகளை ஒளித்து எடுத்துப்போய் ஊர்தோறும் சேர்த்தார்கள். முடிதிருத்தும் கடையிலும் சர்ச்சிலும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். அந்தப் பணியாளர்களின் நிலைமை என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயர் எதுவானாலும் பயணிகள் அவர்களை முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். சம்பளம் போதாமல் பயணிகள் தரும் டிப்ஸை நம்பி வாழ்ந்தார்கள். 1897 முதல் 1911 வரை அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ராபர்ட் லிங்கன், ஆபிரகாம் லிங்கனின் மகன்.

பத்திரிகையைவிட வலுவானவை கடிதங்கள். முன்னால் போன மச்சான், சித்தப்பா மகன், பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய கடிதத்தில் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று இருக்கும். பண்ணை வேலைக்கு ஒரு டாலரும் கிடைக்காத இடத்தில், இறைச்சித் தொழிற்சாலையில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. வடக்குக் கம்பெனிகளின் ஆள்பிடிக்கும் ஏஜெண்டுகளும் சுற்றினார்கள், சிலர் டிக்கெட்டே எடுத்துக் கொடுத்தார்கள்.

இப்போதுதான் தெற்கின் நிலத்துக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். அதுவரை கறுப்பினத்தவர் சோம்பேறிகள், இவர்களால் நமக்கு பாரம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், அவர்கள் கிளம்பியதும் தடுக்க ஓடினார்கள். ஜார்ஜியாவின் மேக்கன் நகரம் ஆள்பிடிக்கும் ஏஜெண்டுக்கு உரிமக் கட்டணம் 25,000 டாலர் என்று விதித்தது. அதோடு 10 பாதிரியார்கள், 10 ஆலை முதலாளிகள், 25 வியாபாரிகள் சிபாரிசு செய்ய வேண்டும் என்றது. சில ஊர்களில் டிக்கெட் கொடுக்க மறுத்தார்கள். மிசிசிப்பியின் கிரீன்வில்லில் ரயிலுக்குள் ஏறியவர்களையே காவலர்கள் இறக்கிவிட்டார்கள். சிலர் நடந்து அடுத்த ஸ்டேஷனுக்குப் போய் ஏறினார்கள்.

எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்பதைத் தண்டவாளம் தீர்மானித்தது. மிசிசிப்பிக்காரர் இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயிலில் நேரே சிகாகோ. ஜார்ஜியா, கரோலினா, விர்ஜினியாக்காரர்கள் கடலோரப் பாதையில் பிலடெல்பியா, நியூயார்க். அதனால்தான் சிகாகோவின் தென்பகுதியில் ஒரே மிசிசிப்பிக் கிராமத்தார் அடுத்தடுத்த தெருக்களில் இருந்தார்கள், ஊர்ப்பெயரில் சங்கம்கூட வைத்திருந்தார்கள்.

சிகாகோவில் 1910-இல் கறுப்பினத்தவர் 44,103 பேர், 1920-இல் 1,09,458 பேர், 1930-இல் 2,33,903 பேர். டெட்ராய்ட்டின் எண்கள் இன்னும் திகைக்க வைக்கும்: 5,741, பிறகு 40,838, பிறகு 1,20,066.

போன இடத்தில்

பெரும்பாலான சுருக்க விளக்கங்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றன. ஒன்று, வடக்கே போனார்கள், விடிவு பிறந்தது. இல்லாவிட்டால், வடக்கும் தெற்கைப் போலத்தான், ஒன்றும் மாறவில்லை. இரண்டும் தவறு என்பது என் கருத்து. ஏற்றத்தாழ்வு கூடவே வந்தது. ஆனால் தெற்கில் சட்டப் புத்தகத்தில் இருந்த அது, வடக்கில் சம்பளப் பட்டியலுக்கும் சங்க விதிக்கும் கிரயப் பத்திரத்துக்கும் இடம் மாறிக்கொண்டது. இப்படி மாறியதால் அதை எதிர்ப்பது சில வகைகளில் எளிதானது, சில வகைகளில் மிகக் கடினமானது.

முதலில் எளிதானதைச் சொல்கிறேன். ஓட்டுப் போடலாம். டிராம் வண்டியில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். பருத்தி எடுக்கும் காலத்தில் பிள்ளைகளை வயலுக்கு அனுப்ப வேண்டியதில்லை, பள்ளிக்கூடம் ஆண்டு முழுவதும் நடந்தது. கூலி வாரா வாரம் கையில் ரொக்கமாக வந்தது. வாரமுறையிலிருந்து வந்தவருக்கு அந்தச் சம்பள உறைதான் பெரிய வித்தியாசம். யாரும் கணக்கு நோட்டைத் திறந்து டிசம்பரில் கழிப்பதில்லை.

வேலையைப் பொறுத்தவரை, கதவு திறந்தது, ஆனால் பின்வாசல் கதவு. சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளில் இரத்தமும் தோலும் கழுவும் பிரிவு, எஃகு ஆலையில் உலைக்குப் பக்கம், டெட்ராய்ட்டில் ஃபவுண்டரி எனும் உலோக வார்ப்புப் பிரிவு. கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1914-இல் நாள் கூலி 5 டாலர் என்று அறிவித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர். மற்ற கார்க் கம்பெனிகளைவிட அவர் கறுப்பினத்தவரை அதிகம் எடுத்தார் என்பது உண்மை. 1920களின் நடுவில் சுமார் 10,000 பேர் அவரிடம் இருந்தார்கள், கூலியும் பாகுபாடு இல்லாமல் கிடைத்தது. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோரை ரூஜ் ஆலையின் ஃபவுண்டரி போன்ற சூடும் தூசியும் நிறைந்த பிரிவுகளில்தான் பார்க்க முடிந்தது.

பெண்களுக்கு அதுவும் இல்லை. தெற்கில் வெள்ளையர் வீட்டில் துவைத்துச் சமைத்தவர்கள், வடக்கிலும் வெள்ளையர் வீட்டில் துவைத்துச் சமைத்தார்கள். போர்க் காலத்தில் தொழிற்சாலைகளில் சிலருக்கு இடம் கிடைத்தது. போர் முடிந்ததும் முதலில் வெளியே அனுப்பப்பட்டவர்கள் அவர்கள்தான்.

தொழிற்சங்கங்கள் என்ன செய்தன? ரயில்வே சங்கங்கள் சிலவற்றின் விதியிலேயே வெள்ளையருக்கு மட்டும் உறுப்பினர் இடம் என்று இருந்தது. முதலாளிகளுக்கு இது வசதி. 1919-இல் எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அதை உடைக்கக் கறுப்பினத் தொழிலாளிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தார்கள். சங்கத்தார் அவர்களைக் கருங்காலிகள் என்று ஏசினார்கள். சங்கத்தில் சேரவிடாதவரிடம் சங்க ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது எப்படி என்று அப்போதே சிலர் கேட்டார்கள், பதில் சொன்னவர்கள் குறைவு.

பழைய குடிகளின் கதையையும் விட முடியாது. வடக்கில் முன்பே தலைமுறைகளாக இருந்த கறுப்பினக் குடும்பங்களில் பலருக்குப் புதிதாக வந்தவர்களைப் பார்த்தால் கூச்சம். தலையில் துணி கட்டிக்கொண்டு தெருவுக்கு வராதே, திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் பேசாதே என்று அறிவுரைத் துண்டறிக்கைகள் சுற்றின. ‘அர்பன் லீக்’ போன்ற அமைப்புகள் வேலையும் வீடும் தேடிக் கொடுத்து உண்மையிலேயே உதவின. அந்த உதவியோடு இந்த உபதேசமும் சேர்ந்து வந்தது.

வீடு: வடக்கின் எல்லைக்கோடு

கடினமான பக்கம் வீட்டில் இருக்கிறது. சிகாகோவின் தென்பகுதியில் கறுப்பினத்தவர் இருந்த பட்டை, ஒடுக்கமாக நீண்டு கிடந்தது. இருபது ஆண்டுகளில் அவர்கள் தொகை ஐந்து மடங்கு ஆனது, பட்டை அந்த அளவுக்கு விரியவில்லை. ஒரு வீட்டை நான்கைந்து அறைகளாகத் தடுத்து, அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விட்டார்கள். ஒரு மாடிக்கே ஒரு கழிப்பறை. வெள்ளையர் கொடுத்ததைவிட மோசமான வீட்டுக்கு அதிக வாடகை, ஏனென்றால் வேறு எங்கும் போக முடியாது.

ஏன் போக முடியாது? சட்டம் தடுக்கவில்லையே? ஒரு நகராட்சி, இந்தத் தெரு வெள்ளையருக்கு என்று சட்டம் போடக் கூடாது என உச்ச நீதிமன்றம் 1917-இல் லூயிவில் நகர வழக்கில் சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் தனியார் ஒப்பந்தம் பெருகியது. தெருவில் உள்ள வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, எங்கள் வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று எழுதிப் பதிவு செய்வார்கள். பிறகு வீடு யார் கைக்கு மாறினாலும் நிபந்தனையும் கூடவே போகும். யாராவது மீறி விற்றால் பக்கத்து வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போய் வாங்கியவரை வெளியேற்றலாம். இது அரசாங்கம் செய்வதல்ல, தனிமனிதர்களின் ஒப்பந்தம் என்று 1926-இல் உச்ச நீதிமன்றம் கையைக் கழுவிவிட்டது. பல பத்திரங்களில் ஒரு விலக்கும் இருந்தது: வீட்டு வேலைக்காரர், காவலாளி, காரோட்டி தங்கலாம்.

ரியல் எஸ்டேட் வாரியங்களின் தேசியச் சங்கம் 1924-இல் தன் ஒழுக்க விதிகளில், சொத்து மதிப்பைக் குறைக்கும் எந்த இனத்தாரையும் ஒரு பகுதிக்குள் கொண்டுவரக் கூடாது என்று எழுதிவைத்தது. புரோக்கரின் பாகுபாடு ஒழுக்கமாகவே ஆகிவிட்டது.

பத்திரம் போதாத இடத்தில் வெடிகுண்டு. 1917 ஜூலை முதல் 1921 மார்ச் வரை சிகாகோவில், கறுப்பினக் குடும்பங்கள் குடியேறிய வீடுகளையும் அவர்களுக்கு விற்றவர்களையும் குறிவைத்து 58 குண்டுகள் வெடித்தன. இடையில் 1919 ஜூலை 27 வந்தது. மிச்சிகன் ஏரியில் 17 வயது யூஜீன் வில்லியம்ஸ் நண்பர்களோடு ஒரு தெப்பத்தில் மிதந்தான். 29-வது தெருவுக்கு நேராகத் தண்ணீருக்குள் ஓர் எல்லை இருந்தது. யாரும் வரையாத, எல்லோருக்கும் தெரிந்த எல்லை. தெப்பம் அதைத் தாண்டி ஒதுங்கியபோது கரையிலிருந்து ஒரு வெள்ளையர் கல் வீசினார். பையன் மூழ்கி இறந்தான். காவலர் கல் வீசியவரைக் கைது செய்யவில்லை. கலவரம் நாள்கணக்கில் நடந்தது. இறந்தவர்கள் 38 பேர்: கறுப்பினத்தவர் 23, வெள்ளையர் 15. அதே ஆண்டில் வாஷிங்டன், ஓமாஹா என்று பல நகரங்களில் இதுபோல நடந்ததால் 1919-இன் கோடையைச் ‘சிவப்புக் கோடை’ என்கிறார்கள். அந்தக் கலவரங்களில் புதிதாகத் தெரிந்தது, கறுப்பினத்தவர் திருப்பி அடித்தார்கள். பிரான்சில் போரிட்டுத் திரும்பிய வீரர்கள் பலர் அப்போது ஊரில் இருந்தார்கள்.

1925-இல் டெட்ராய்ட்டில் ஒஸ்ஸியன் ஸ்வீட் என்ற கறுப்பின மருத்துவர் கார்லண்ட் அவென்யூவில் 18,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். குடிபோன இரண்டாம் நாள் இரவு கும்பல் சூழ்ந்து கல்லெறிந்தது. வீட்டுக்குள்ளிருந்து சுட்டதில் ஒரு வெள்ளையர் இறந்தார். வீட்டிலிருந்த 11 பேர் மீதும் கொலை வழக்கு. வாதாடியவர் கிளாரன்ஸ் டாரோ. முதல் விசாரணையில் ஜூரி ஒரு முடிவுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு, மருத்துவரின் தம்பி ஹென்றியை மட்டும் தனியே விசாரித்தபோது, முழுக்க வெள்ளையர் கொண்ட ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. மற்றவர்கள் மீதான வழக்கும் கைவிடப்பட்டது. தெற்கில் இப்படி ஒரு தீர்ப்பை அப்போது நினைத்துப் பார்க்க முடியாது. மருத்துவப் படிப்பு முடித்தவருக்கே, பணம் கொடுத்து வாங்கிய வீட்டுக்குள் துப்பாக்கியோடு போக வேண்டியிருந்தது என்பதையும் இதனோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நெருக்கத்தில் விளைந்தவை

ஒரே இடத்தில் அடைத்து வைத்ததில் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஓட்டுகளும் ஒரே இடத்தில் சேர்ந்தன. கடைகள், காப்பீட்டு நிறுவனங்கள், பத்திரிகைகள், அரங்குகள் நடத்தும் அளவுக்கு வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து 1922-இல் ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் சிகாகோவுக்கு வந்தது இந்த ரயில் பாதையில்தான். நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் எழுத்தும் ஓவியமும் இதே காலத்தவை, அவற்றைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். புல்மன் பணியாளர்கள் 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். கம்பெனியிடமிருந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தது.

தெற்கின் கடைசிக் கறுப்பின உறுப்பினர் 1901-இல் நாடாளுமன்றத்தை விட்டுப் போன பிறகு அங்கே ஒருவர்கூட இல்லை. 1928-இல் சிகாகோவின் தென்பகுதி ஆஸ்கர் டி பிரீஸ்டைத் தேர்ந்தெடுத்தது. அலபாமாவில் பிறந்தவர், ரியல் எஸ்டேட் தொழில் செய்தவர். மறு ஆண்டு அதிபர் ஹூவரின் மனைவி, உறுப்பினர்களின் மனைவியருக்குக் கொடுத்த தேநீர் விருந்துக்கு அவருடைய மனைவி ஜெஸி டி பிரீஸ்டையும் அழைத்தார். தெற்கின் சில சட்டமன்றங்கள் ஒரு கோப்பை டீயைக் கண்டித்துத் தீர்மானம் போட்டன.

1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலைகள் போனதும் வடக்கு நோக்கிய ஓட்டம் தணிந்தது. இரண்டாவது, இன்னும் பெரிய அலை 1940-க்குப் பிறகு வந்தது. 1930-இல்கூட ஐந்தில் நான்கு கறுப்பினத்தவர் தெற்கில்தான் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

டி பிரீஸ்டை 1934-இல் தோற்கடித்து அந்த இடத்துக்கு வந்தவர் ஆர்தர் மிட்செல், அவரும் அலபாமாக்காரர். 1937 ஏப்ரலில் அவர் சிகாகோவிலிருந்து ஆர்கன்சாஸில் உள்ள ஹாட் ஸ்பிரிங்ஸுக்கு முதல் வகுப்பு டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மெம்பிஸ் தாண்டி ஆர்கன்சாஸ் எல்லைக்குள் ரயில் நுழைந்ததும், நாடாளுமன்ற உறுப்பினரை எழுப்பி, கறுப்பினத்தவருக்கான பெட்டிக்குப் போகச் சொன்னார் கண்டக்டர். மறுத்தால் கைது. அவர் போய் உட்கார்ந்தார், ஊர் திரும்பியதும் வழக்குப் போட்டார், உச்ச நீதிமன்றத்தில் தானே வாதாடி 1941-இல் வென்றார். தனிப் பெட்டி கூடாது என்று நீதிபதிகள் சொல்லவில்லை. முதல் வகுப்புக்குப் பணம் வாங்கினால், கறுப்பினப் பயணிக்கும் முதல் வகுப்பு வசதியைக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.